மெட்ராஸ் வாரமும் மரபு நடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னையில் ஒரு கூட்டம் விடியற்காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகத் தெருவில் இறங்கிவிடும். நானும் அதில் ஒருவன். பல வருடம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டபடி பின்னால் நடந்தேன். இப்போது ராயபுரம், தங்கசாலைப் பக்கம் சிலரை நானே அழைத்துப் போகிறேன். வருடா வருடம் போனிலும் தெருமுனையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

மெட்ராஸ் வாரம் என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

ஆகஸ்ட் 22ஐச் சென்னையின் பிறந்தநாளாக வைத்து, அதையொட்டி நடக்கும் வரலாற்றுப் பேச்சுகள், நடைகள், கண்காட்சிகள், வினாடி வினாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர்தான் மெட்ராஸ் வாரம். நகர வரலாற்றாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004ல் தொடங்கிவைத்தார்கள். முதலில் ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம், இப்போது மாதம் முழுக்க ஏதாவது நடக்கிறது. முத்தையா 2019ல் காலமான பிறகும் அது நிற்கவில்லை.

இதற்கென்று தலைமை அலுவலகம் கிடையாது. நூலகமோ கல்லூரியோ குடியிருப்போர் சங்கமோ தனி ஆளோ, யார் வேண்டுமானாலும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து நடத்தலாம். மாநகராட்சியும் 'சென்னை தினம்' என்று விழா எடுத்திருக்கிறது. ஒரே இடத்தில் மேடை போட்டு நடக்கும் திருவிழாவை எதிர்பார்த்து வருபவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூரில் ஒரு நடை, எழும்பூரில் ஒரு நடை, பரங்கிமலையில் ஒரு நடை என்று போகும். ஒன்றை நடத்துபவருக்கு மற்றதைப் பற்றித் தெரிந்திருக்காது. இந்த விழாவின் பலமே அதுதான் என்பேன். எந்தப் பேட்டையின் கதையையும் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அது ஏன் ஆகஸ்ட் 22?

1639ல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கடற்கரையோரம் கொஞ்சம் நிலத்துக்கு எழுத்து (பத்திரம்) வாங்கினார். டேயின் மேலதிகாரி ஆண்ட்ரூ கோகன். இரு தரப்புக்கும் நடுவில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் பேரி திம்மப்பா. நாயக்கரின் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால் சென்னப்பட்டினம் என்ற பெயர் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

தேதியில் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தின் நகலில் ஜூலை 22 என்று இருக்கிறது. ஆனால் டே இங்கே வந்து இறங்கியதே ஜூலைக் கடைசியில்தான். வருவதற்கு முன்பே எழுத்து வாங்கியிருக்க முடியாது, எனவே ஆகஸ்ட் 22 ஆக இருக்கவேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டார்கள். பேச்சுகளில் இதைப் பற்றி யாராவது எழுந்து கேட்பார்கள். கேட்பது நல்லதுதான், ஒரு தேதி எப்படி முடிவாகிறது என்று கூட்டத்தில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியவரும்.

மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதைவிடப் பழையவை. 1639ஐப் போய்ப் பிறந்தநாள் என்பது நியாயமா?

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் மயிலையைப் பாடும்போதே அது விழாக்களால் நிறைந்த ஊர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பல்லாவரத்தில் ஒரு பல்லவர் குடைவரை இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் பூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. நகரத்துக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று கணித்திருக்கிறார்கள். மெட்ராஸ் என்ற பெயரேகூட வெள்ளைக்காரன் வைத்தது இல்லை போலிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேஸ்வரமடத்தில் 1367ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் 'மாதரசன்பட்டணம்' வருகிறது.

அப்படியானால் 1639ல் பிறந்தது எது? இந்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்துக்கொண்டு ஒரே நகரமாக வளர்ந்த அந்த அமைப்பு பிறந்தது. 1688ல் மாநகராட்சி வந்தது, பின்னால் துறைமுகம், ரயில், மில் எல்லாம் வந்தன. அந்த நாளை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு 15 லட்சம் வருடத்தையும் பேசலாம் என்பது என் கருத்து. மெட்ராஸ் வாரத்தில் நான் கேட்ட நல்ல பேச்சுகளில் சில 1639க்கு முந்தைய காலத்தைப் பற்றியவை.

பேச்சுக்குப் போவதா, நடைக்குப் போவதா?

இரண்டுக்கும் போங்கள், முதலில் பேச்சு, அப்புறம் நடை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழைய வரைபடத்தையும் படங்களையும் பார்த்துவிட்டு மறுநாள் அதே தெருவில் நடந்தால், கண் தானாகவே சரியான இடத்தில் நிற்கும். நடையில் வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஆண்டுகளும் பெயர்களும் காதில் நிற்காது. தெருவின் அகலம், தரையின் சரிவு, கிணறு இருந்த மூலை, இதெல்லாம் காலுக்குத்தான் தெரியும்.

முதல்முறை வருகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பெரும்பாலானோர் மயிலாப்பூர் மாடவீதி என்பார்கள். நடக்கச் சுகமான இடம், குளக்கரை, காலையில் காபி மணம், சொல்ல நிறையக் கதை. ஆனால் இந்த நகரம் ஏன் இப்படி இருக்கிறது என்று புரியவேண்டுமென்றால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையையும் ஜார்ஜ் டவுனையும் ஒரே வாரத்தில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம் தானாக வந்து பொருந்தும்.

கோட்டைக்குள் பொதுமக்கள் போக முடியுமா?

போகலாம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவப் பகுதியும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்துக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்கும் போகிறோம் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துணி முன் நான் அழைத்துப்போன எந்தக் கூட்டமும் சத்தமாகப் பேசியதில்லை.

தேவாலயம் 1680ல் திறக்கப்பட்டது. குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் என்று மரமே இல்லாமல் கனத்த வளைவுக் கூரையாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753ல் இங்கே நடந்தது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். நான் வெளியே தரையைப் பார்க்கச் சொல்வேன். கட்டடத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் இங்கே இருந்தவை இல்லை. பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில்தான் அந்தக் காலத்து ஆங்கிலேயர் இடுகாடு இருந்தது. 1758-59ல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துச் சுட்டது. பிறகு கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்துவிட்டார்கள். உடல்கள் அங்கே, பெயர்கள் இங்கே.

ஜார்ஜ் டவுன் ஒரே நெரிசல். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தையொட்டி ஒரு சின்னத் தூண் நிற்கிறது. தினம் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பஸ் பிடிக்கிறார்கள். 1773ல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எதற்கு அந்த எல்லை? 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தார்கள். அதற்கு முன் நம்மவர்கள் குடியிருந்த பழைய கருப்பர் பட்டணம் கோட்டைச் சுவரை ஒட்டியே, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில் இருந்தது. கோட்டைக்கு அருகே வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொண்டு சுடுவான் என்று அவை இடிக்கப்பட்டன. பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி விட்டார்கள். அந்த வெளிக்குள் யாரும் கட்டக்கூடாது என்று சொல்வதற்குத்தான் தூண்கள். மக்கள் வடக்கே தள்ளிப்போய்க் குடியேறிய பேட்டைதான் பிற்பாடு ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

கோயிலையும் விடவில்லை. பழைய பட்டணத்தில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757ல் இடிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டிய கோயில்தான் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் இருக்கிறது. பக்கத்திலேயே சென்ன மல்லீஸ்வரர். பட்டணம் கோயில் என்பார்கள். கண்ணாடி, பிளாஸ்டிக், பொம்மைக் கடைகளுக்கு நடுவே வாசல் தெரியாமல் நிற்கும் அந்த இரட்டைக் கோயிலில் ஒரு நகரம் இடம்பெயர்ந்த கதை முழுவதும் இருக்கிறது. இந்தத் தூணிலிருந்து அந்தக் கோயில் வரை மெதுவாக நடந்தாலும் இருபது நிமிடத்துக்குமேல் ஆகாது. ஒரு போரும் ஒரு இடிப்பும் ஒரு குடியேற்றமும் அதற்குள் அடக்கம்.

வழியில் உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் பலகை. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே பயந்து வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. காரியக்காரனை "அவன் சரியான எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த இரவிலிருந்து வந்தது.

அரண்மனைக்காரன் தெரு என்று நாம் அழைக்கும் ஆர்மீனியன் தெருவுக்குள் நுழைந்தால் ஆர்மீனியர் தேவாலயம். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794ல் மெட்ராஸில் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யுன் ஷ்மவோனியனின் கல்லறை இங்கே இருக்கிறது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் சொந்தக் காசில் 1726ல் அடையாற்றின் குறுக்கே கட்டிய பாலம்தான் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முன்னோடி. பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் கொடைதான்.

இன்னும் உள்ளே போனால் வள்ளலார் பாடிய கந்தகோட்டம், அதற்கப்பால் ஏழுகிணறில் அவர் வாழ்ந்த வீடு. ஒரு காலத்தில் கோட்டைக்கே குடிதண்ணீர் போனது ஏழுகிணறிலிருந்துதான். கொத்தவால் சாவடிச் சந்தை 1996ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சந்துகளில் மூட்டை தூக்குபவர்களின் நடைவேகம் மாறவே இல்லை.

வடசென்னைக்கு நடை உண்டா? பாதுகாப்பாக இருக்குமா?

கேள்வியின் இரண்டாம் பாதி எனக்கு வருத்தம் தருகிறது. பல வருடமாக இங்கே நடக்கிறேன். தண்ணீர் கேட்டால் மோர் கொடுக்கிற ஊர் இது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி, வாலாஜா ரோடு வரை கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்தது வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடிவைத்த கவர்னர் ஜோசப் காலெட் பெயரால் வந்தது காலெட் பேட்டை; நம் வாயில் அது காலாடிப்பேட்டை ஆயிற்று.

பெரம்பூரில் நின்றால் தொழிலாளர் வரலாறு. 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லாம் மில் தொழிலாளர்கள் நடுவில் நின்று பேசிய இடங்கள் இவை. 1921ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாகத் திரும்பிப் புளியந்தோப்பு எரிந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தினார், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும். மெட்ராஸ் வாரத்தில் மயிலாப்பூருக்குப் பத்து நடை என்றால் பெரம்பூருக்கு ஒன்று கிடைப்பதே பெரிது. இது மாறவேண்டும் என்பதற்காகத்தான் நான் நடத்தவே தொடங்கினேன்.

சில நடைகளில் பழைய கட்டடமே இல்லையாமே? அதில் என்ன பார்ப்பது?

ஏரி பார்க்கும் நடையைச் சொல்கிறீர்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் இல்லை. சேத்துப்பட்டுப் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு. மயிலாப்பூர் ஏரி என்று பழைய வரைபடங்களில் நீளமாகக் கிடந்த நீர்ப்பரப்பின் படுகையில் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் வந்தது.

இப்படி ஒரு நடையில் போகும்போது தரையின் இறக்கத்தைக் கவனிக்கச் சொல்வார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கரை இருந்த மேடு காலில் தட்டுப்படும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த நடைகளுக்கு வரும் கூட்டம் மாறியது. தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வரலாற்றில் பதில் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயும் அப்படித்தான். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கும் அந்தக் கருத்த தண்ணீரைப் பார்க்கும்போது, பட்டினியோடு அதைத் தோண்டிய கைகளை நினைக்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

வழிகாட்டி சொல்வதெல்லாம் உண்மையா?

எல்லாம் உண்மை இல்லை. நல்ல வழிகாட்டி, "இது பதிவில் இருக்கிறது, இது ஊரில் சொல்வது" என்று பிரித்துச் சொல்வார். அதை வைத்தே ஆளை எடைபோடலாம்.

தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1677ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்பது கோயில் மரபு. அந்த வருடம் அவர் படையோடு தெற்கே வந்ததும், கோட்டைக்கு ஆள் அனுப்பி மருந்துப் பொருள்கள் கேட்டதும் கம்பெனிப் பதிவில் இருக்கின்றன. கோயிலுக்கு வந்தார் என்பது அந்த வகைப் பதிவு இல்லை. இரண்டையும் சொல்லிவிட்டால் பக்தியோடு வருபவருக்கும் குறையில்லை, வரலாறு கேட்க வருபவருக்கும் குறையில்லை.

இன்னொன்று, அம்பட்டன் வாராவதி. ஹாமில்டன் பெயரில் இருந்த பாலத்தை நம்மவர்கள் அம்பட்டன் ஆக்க, அதை மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவிட்டார்கள் என்ற கதை. எல்லா நடையிலும் கைதட்டு வாங்கும். கதையாகச் சொல்லுங்கள், ரசிப்போம். அது ஒரு சாதிப் பெயர் என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள். கூட்டத்தில் நிற்கும் யாரோ ஒருவருக்கு அது சிரிப்பாக இருக்காது. பாலம் இப்போது அம்பேத்கர் பெயரில் இருக்கிறது.

வெள்ளைக்காரர்களைக் கொண்டாடுவது போல ஆகிவிடாதா?

சொல்பவரைப் பொறுத்தது. எலிஹு யேல் இங்கே கவர்னராக இருந்தவர், அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது என்பதோடு நிறுத்தினால் அது கொண்டாட்டம். அவர் காலத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது வரலாறு. கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734ல் சின்னத் தறிப்பேட்டை (இன்றைய சிந்தாதிரிப்பேட்டை) உருவானது என்பதோடு, அங்கே தறியில் உட்கார்ந்தவர்கள் யாருக்காக நெய்தார்கள் என்பதையும் கேட்கவேண்டும். ராயப்பேட்டையிலிருந்து 1907ல் அயோத்திதாசர் வார இதழ் நடத்தினார். அந்த இடத்தையும் காட்டுங்கள். யாரை விட்டுவிட்டோம் என்று ஒவ்வொரு நடை முடிந்ததும் நான் ஒரு தாளில் எழுதிவைப்பேன்.

நேரம், கட்டணம், உடை?

பெரும்பாலான நடைகள் காலை ஆறு, ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடியும். ஒன்பதுக்கு மேல் ஆகஸ்ட் வெயில் தாங்காது. பேச்சுகள் மாலையில். பேச்சுகளுக்கு அநேகமாகக் கட்டணம் இல்லை. நடைகளில் சிலவற்றுக்கு உண்டு, காலை டிபனும் சேர்ந்தே இருக்கும். முன்பதிவு கேட்டால் செய்துவிடுங்கள், வர முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், இன்னொருவர் வரட்டும். கோயில், தர்கா, தேவாலயம் எல்லாம் வழியில் வரும், எனவே கழற்ற எளிதான செருப்பு. சாயங்கால நடை என்றால் குடை. கழிப்பறைக்கு வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். இந்த விஷயத்தில் நகரம் நமக்கு உதவாது, பெண்களுக்கு இது பெரிய தொல்லை. வண்டியை வீட்டில் வைத்துவிட்டு மெட்ரோவிலோ ரயிலிலோ வாருங்கள். உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, எழும்பூர், திருமயிலை எல்லாமே நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. சின்னப் பிள்ளைகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் நல்லது. அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் ஒரே வளாகத்தில். முட்டி வலி இருப்பவர்கள் நடையைவிடப் பேச்சுக்கு வரட்டும், நம் நடைபாதைகள் அவர்களுக்கு இரக்கம் காட்டுவதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர் வந்தால் ஜார்ஜ் டவுன் சந்துகளில் நான் அழைத்துப்போக முடியாது, அதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

படம் எடுக்கலாமா?

தெருவில் எடுக்கலாம். கோட்டைக்குள் காவலர் வேண்டாம் என்றால் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கும் முன் கேளுங்கள். அவர் வீடு நமக்குக் காட்சிப்பொருள் இல்லை.

தமிழில் நடைகள் உண்டா?

தொடக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. இப்போது தமிழில் கூடிக்கொண்டே போகின்றன. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆங்கிலத்தில் பேசியபடி ஒரு கூட்டம் தெருவில் நின்றால் டீக்கடைக்காரர் ஓரமாக நின்று பார்ப்பார். தமிழில் பேசினால் இரண்டு நிமிடத்தில் குறுக்கே வந்து, "அது இல்லை சார், அந்தக் கிணறு இந்தப் பக்கம் இருந்தது, எங்க தாத்தா இறைச்சிருக்காரு" என்பார். நான் படித்துத் தெரிந்துகொள்ள முடியாத பல விஷயங்கள் அப்படிக் கிடைத்தவைதான்.

நானே ஒரு நடை நடத்த விரும்புகிறேன். எப்படி?

ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் வேண்டாம். எட்டு இடங்களில் நின்றால் போதும். நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் மூன்று முறை தனியாக நடந்து பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, எங்கே லாரி நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. அங்கே தேடிப் படித்ததோடு தெருவின் பழைய கடைக்காரர், தபால்காரர், கோயில் குருக்கள், பள்ளிவாசல் முத்தவல்லி எல்லோரிடமும் பேசுங்கள். உள்ளே போகவேண்டிய இடங்களுக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லிவையுங்கள்.

இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் வருடம் நாற்பது பேரோடு கொத்தவால் சாவடிச் சந்து ஒன்றில் நின்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் மீன்பாடி வண்டியில் மூட்டைகளோடு ஒருவர் மணியடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்து, "நீங்க வேடிக்கை பாக்குற தெருவுல நான் வேலை பாக்குறேன்" என்றார். அன்றிலிருந்து சந்துக்குள் நின்று பேசுவதில்லை. அகலமான இடத்தில் பேசிவிட்டு, சந்தை வரிசையாக, பேசாமல் கடக்கிறோம்.

எங்கள் பேட்டையில் சொல்ல ஒன்றுமே இல்லையே?

வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் இளைஞர் ஒரு நடையின் முடிவில் என்னிடம் இதையேதான் சொன்னார். வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுவாரம் பிளாஸ்டிக் உறை ஒன்றில் தன் தாத்தாவின் பி அண்ட் சி (பெரம்பூர் பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக்) மில் கேட் பாஸைக் கொண்டுவந்து காட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது, ஷிப்ட் நேரம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆகஸ்டில் அவர் தாத்தா வேலைக்குப் போன வழியிலேயே, அந்த ஷிப்ட் நேரத்துக்கே, வியாசர்பாடியிலிருந்து மில் வாசல் வரை பதினாறு பேரை நடத்திக்கொண்டு போனார். நான் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன்.